சின்ன இன நாய்க்குட்டி சாப்பிட மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொமரேனியன், ஷிட்ஸு, மால்டீஸ், சிவாவா மாதிரி சின்ன இனக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் முதல் வாரத்திலேயே போன் செய்து கேட்பது இதுதான்: "சாப்பிடவே மாட்டேங்குது, என்ன செய்ய?" பல வருடமாக இந்தக் குட்டிகளோடு இருக்கிறேன். இப்போது வீட்டில் பொம்மி என்ற பொமரேனியனும் அப்பு என்ற ஷிட்ஸுவும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தவர்களும் தெரிந்தவர்களும் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எங்கே டாக்டர் வேண்டுமோ அங்கே தயங்காமல் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.

குட்டி நேற்று வந்தது. இன்னும் எதிலும் வாய் வைக்கவில்லை. எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம்?

முதலில் வயதையும் எடையையும் சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்பேன். நாலு கிலோ நாய் ஒரு நாள் சாப்பாட்டை விட்டால் அது பசியோடு இருக்கும், அவ்வளவுதான். 700 கிராம் குட்டி அதே ஒரு நாள் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து. பெரிய நாயின் கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரை சேமிப்பாக இருக்கும். சாப்பாடு வராதபோது உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சின்ன இனக் குட்டிக்குக் கல்லீரலும் சிறியது, தசையும் கொஞ்சம், உடம்பில் கொழுப்பும் மிகக் குறைவு. ஆனால் உடம்புச் சூட்டைக் காப்பாற்ற அது மணிக்கு மணி எரித்துக்கொண்டே இருக்கிறது. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே ஏதாவது போயாக வேண்டும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. மூன்று மாதத்துக்குக் கீழ் உள்ள குட்டி, விளையாடிக்கொண்டு இருந்தாலும் சரி, அடுத்தடுத்து இரண்டு வேளை தொடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ராத்திரியையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் தூக்கிக்கொண்டு நேரே போய்விடுங்கள். நாலைந்து மாதம் ஆன குட்டி, ஓடியாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, வாந்தி பேதி இல்லை என்றால் ஒரு நாள் வரை பார்க்கலாம். சோர்ந்து படுத்திருந்தால் எந்த வயதானாலும் பொறுக்க வேண்டாம்.

சர்க்கரை இறங்கிவிடும் என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொம்மி வந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் அதை நேரிலேயே பார்த்தேன். அப்போது அவளுக்கு 55 நாள், சமையலறைத் தராசில் 800 கிராம். முந்தின நாள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தூக்கிக் கொஞ்சினார்கள், பாதி நாள் தூங்கவே இல்லை, ராத்திரிச் சாப்பாட்டை நாலு வாயோடு விட்டுவிட்டாள். காலை ஐந்து மணிக்குப் பாலுக்கு எழுந்தால், பாயில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறாள். கூப்பிட்டால் தலை நிற்கவில்லை. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. காதும் பாதமும் ஜில்லென்று இருந்தன. முன்னங்கால் இரண்டும் நீந்துவது போல மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தன.

தேன் பாட்டில் எடுத்து, விரல் நுனியில் தொட்டு, உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றவில்லை. நினைவில்லாத குட்டிக்கு ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஈறில் தடவினாலே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். துண்டில் சுற்றி மடியில் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் கழித்து நாக்கை நீட்டி என் விரலை நக்கினாள். விடிவதற்குள் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்விட்டோம். ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஆரம்ப அறிகுறிகள் சின்னச் சின்னவை. நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடும். குளிரில் நடுங்குவது மாதிரி நடுங்கும். கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்க்கும், வழக்கத்தை விட அதிகம் தூங்கும். அந்தக் கட்டத்திலேயே தேனோ, குளுக்கோஸ் பொடியைக் கரைத்தோ, அதுவும் இல்லையென்றால் சர்க்கரைத் தண்ணீரோ ஈறில் தடவுங்கள். தெளிந்தவுடன் ஒரு ஸ்பூன் சாப்பாடு. அப்புறம் டாக்டர். "தேன் கொடுத்தோம், எழுந்து ஓடுகிறது" என்று வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள். தேன் கொடுக்கும் தெம்பு கொஞ்ச நேரத்துக்குத்தான். ஏன் இறங்கியது என்று பார்க்காவிட்டால் மறுபடி இறங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் சர்க்கரை இல்லாத இனிப்பை மட்டும் கையில் எடுக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் ஸைலிடால் நாய்க்கு விஷம்; இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும்.

வீட்டுக்கு வந்த அன்றே குளிப்பாட்டுவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நாற்றம் அடித்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே உலர்த்துங்கள். பயணக் களைப்பு, புது இடம், பட்டினி, அதன் மேல் ஈரக் குளிரும் சேர்ந்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்? கிண்ணம் நிறைய வைத்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

பாதிப் பேர் விஷயத்தில் குட்டி சரியாகத்தான் சாப்பிடுகிறது, கிண்ணம்தான் பெரிசு. இரண்டு மாதம், ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 200 கலோரி வேண்டும். கடையில் விற்கும் குட்டிகளுக்கான ட்ரை ஃபுட் 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும். அப்படியானால் நாள் முழுவதற்கும் 50 முதல் 60 கிராம். அதை நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்குப் பதினைந்து கிராம் கூட வராது. உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், குழி கூட நிறையாது. அதைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று நானும் இரட்டிப்பாக வைத்திருக்கிறேன்.

கண்ணளவை நம்பாமல் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். சாப்பாட்டையும் நிறுக்கலாம், குட்டியையும் நிறுக்கலாம். தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன்னால் குட்டியைக் கிண்ணத்தில் உட்கார வைத்து எடை எழுதுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சமாவது ஏறிக்கொண்டு போனால் அது போதுமான அளவு சாப்பிடுகிறது என்று அர்த்தம். இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால், எவ்வளவு துள்ளினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பாக்கெட்டின் பின்புறம் வயதுக்கும் எடைக்கும் அளவு போட்டிருப்பார்கள். சில பாக்கெட்டுகளில் அந்த எடை, குட்டி வளர்ந்த பிறகு வரப்போகும் எடை. அதைக் கவனித்துப் படியுங்கள்.

மூன்று மாதம் வரை நாலு வேளை. கடைசி வேளையை நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் வையுங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதன் சாப்பாடு. நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

விற்ற இடத்தில் நன்றாகச் சாப்பிட்டது, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் தொடுவதில்லை?

அங்கே அது நாலு கூடப்பிறந்தவர்களோடு முட்டி மோதிச் சாப்பிட்டது. பக்கத்தில் இன்னொரு வாய் இருந்தால் குட்டிக்குத் தானாகவே வேகம் வரும். இங்கே தனியாக ஒரு தட்டு, சுற்றி நின்று பார்க்கும் ஆறு முகம். பயப்படாமல் என்ன செய்யும்?

முதல் இரண்டு மூன்று நாள் விருந்தாளிகளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின் சத்தம் இல்லாத ஒரு மூலையில் சாப்பாடு வையுங்கள். ஒருவர் மட்டும் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்திருங்கள், முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அங்கே என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுங்கள், அது மட்டமான சாப்பாடாக இருந்தாலும் சரி. மாற்ற வேண்டுமென்றால் பழையதில் கால் பங்கு புதியது, இரண்டு நாள் கழித்துப் பாதி, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பேதி நிச்சயம், பேதி வந்தால் பசி போய்விடும்.

தட்டையும் கவனியுங்கள். அப்பு முதல் நாலு நாள் தட்டுக்கு அருகே வருவான், மூக்கை நீட்டுவான், பின்னால் போய்விடுவான். சாப்பாட்டைத்தான் பிடிக்கவில்லை என்று மூன்று வகை மாற்றினேன். கடைசியில் நானும் தரையில் படுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. டைல்ஸ் தரையில் எவர்சில்வர் தட்டு. அவன் மூக்கு பட்டதும் அது 'கிர்ர்' என்று நகர்கிறது. அந்தச் சத்தத்துக்கு ஓடுகிறான். ஒரு ரப்பர் மிதியடித் துண்டின் மேல் தட்டை வைத்தேன், அன்றே காலி செய்தான். ஷிட்ஸு, பக் மாதிரி தட்டை முகக் குட்டிகளுக்கு ஆழமான கிண்ணம் வேண்டாம், அகலமான தட்டே வசதி. கண்ணிலும் வாயிலும் விழும் முடியைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள்.

விற்றவரிடம் குட்டியின் பிறந்த தேதியை எழுதி வாங்கினீர்களா? எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. இருந்தும் முப்பது முப்பத்தைந்து நாளில் தாயிடமிருந்து பிரித்து விற்பது நடக்கிறது. அப்படி வந்த குட்டிக்குத் தட்டில் சாப்பிடவே சரியாகத் தெரியாது. அதை "பிடிவாதம்" என்று நினைப்பது அநியாயம். கூழாகக் கரைத்து, உங்கள் விரலில் தொட்டு நக்கவைத்து, விரலை மெல்லத் தட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்க வேண்டும்.

வாய் வைக்க வைப்பதற்கு என்ன கொடுத்துப் பார்க்கலாம்?

நாய் முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாப்பாட்டுக்கு வாசம் இல்லை. வெதுவெதுப்பாக்குங்கள், உங்கள் மணிக்கட்டில் வைத்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது.

நான் செய்வது இதுதான். ட்ரை ஃபுட் ஒரு வேளை அளவை ஒரு கிண்ணத்தில் போட்டு, அது மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் மூடி வைப்பேன். ஊதிப் பெரிதானதும் முள்கரண்டியால் மசித்தால் கூழாகிவிடும். உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத சிக்கனின் தண்ணீரை வெந்நீருக்குப் பதில் ஊற்றினால் வாசம் தூக்கும். அதில் வெந்த சிக்கனைப் பிய்த்து இரண்டு நூல் மேலே போடுவேன். ஊறவைத்ததை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், நம் ஊர் வெப்பத்துக்கு அது சீக்கிரம் புளித்துவிடும்.

உடம்பு ஜில்லென்று இருக்கும் குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் சாப்பாடு. வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு கதகதப்பான பிறகு ஊட்டுங்கள். சூடு குறைந்த உடம்பில் குடல் வேலை செய்யாது.

செரிலாக், பால், பிஸ்கட் கொடுத்தால் சாப்பிடுகிறது. அதையே தொடரலாமா?

ஒரு நாள் பட்டினி கிடப்பதற்குப் பதில் என்றால் சரி, தொடர வேண்டாம். செரிலாக் மனிதக் குழந்தைக்காகச் செய்தது. நாய்க்குட்டி வேகமாக வளர்வதால் அதற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் கால்சியமும் வேறு கணக்கு. செரிலாக்கிலேயே இரண்டு மாதம் ஓட்டிய குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். முடி மங்கிப் போய், கால் வலுவில்லாமல் இருக்கும்.

பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதி போகும். பால் கட்டாயம் வேண்டிய வயது என்றால் நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் பொடி இருக்கிறது. டீ பிஸ்கட் வெறும் மாவும் சர்க்கரையும். அதைத் தின்று வயிறு நிரம்பிய குட்டி சாப்பாட்டை எப்படித் தொடும்?

எங்கள் வீடு சைவம். தயிர் சாதம் கொடுத்துத்தான் எல்லா நாயையும் வளர்த்தோம். இதற்கு மட்டும் என்ன?

தெரு நாய் உங்கள் தயிர் சாதத்தோடு வேறு பத்து இடத்திலும் சாப்பிட்டது. அதுவுமில்லாமல் இங்கே பிரச்சினை வயிற்றின் அளவு. 100 கிராம் தயிர் சாதத்தில் 100 கலோரி தேறுவதே அதிகம். ஒரு கிலோ குட்டிக்கு 200 கலோரி வர வேண்டுமென்றால் அது 200 கிராம் தயிர் சாதம் தின்ன வேண்டும், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன வயிற்றுக்கு அது அதிகம். வயிறு உப்பியிருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும். புரதமும் போதாது.

சைவ வீட்டில் குட்டி வளர்க்கலாம். வீட்டில் சமைக்க முடியாததை வெளியிலிருந்து வாங்கினால் போதும்: குட்டிகளுக்கான முழுமையான ட்ரை ஃபுட். தயிர் பிடித்த குட்டிக்கு அதன் மேல் ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர் போட்டுக் கொடுங்கள். முட்டைக்கு வீட்டில் தடை இல்லையென்றால் அவித்த முட்டையின் ஒரு துண்டு நல்ல சேர்மானம். சாம்பார் சாதம், குழம்பு சாதம் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், குட்டிக்குக் கொஞ்சமே போதும் கெடுதி செய்ய. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு விஷம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் முதலில் சொல்லிவையுங்கள்.

சிக்கன் போட்டால் மட்டும் சாப்பிடுகிறது. ட்ரை ஃபுட்டைப் பொறுக்கித் துப்பிவிடுகிறது.

இது நாம் கற்றுக்கொடுத்தது. முதல் நாள் ட்ரை ஃபுட்டை விட்டது, நாம் பதறிச் சிக்கன் வைத்தோம். மறுநாள் சிக்கனையும் விட்டது, ஈரல் வைத்தோம். காத்திருந்தால் இன்னும் நல்லது வரும் என்று குட்டி தெரிந்துகொண்டது. பொமரேனியன்கள் இதில் வெகு சுட்டி.

சிக்கனை மட்டும் தின்னும் குட்டிக்கு எலும்பு கெடும். இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. உடம்பு கால்சியத்துக்காகத் தன் எலும்பையே கரைக்கும். முன்னங்கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். அதற்காக நீங்களே கால்சியம் டானிக்கை ஊற்றாதீர்கள், கூடினாலும் கெடுதிதான். சமைத்த கோழி எலும்பும் கூடாது. சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

மாற்றுவதற்கு ஒரு வழி உண்டு, ஆனால் நாலு மாதம் தாண்டிய, ஆரோக்கியமான குட்டிக்கு மட்டும். சிக்கனை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, ஊறிய ட்ரை ஃபுட்டோடு பொறுக்க முடியாதபடி பிசைந்துவிடுங்கள். நாளுக்கு நாள் சிக்கனைக் குறையுங்கள். தட்டை வைத்து இருபது நிமிடம் விடுங்கள். சாப்பிடவில்லையா, ஒன்றும் பேசாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை பிஸ்கட், முறுக்கு, தாத்தா தட்டிலிருந்து ஒரு வாய், எதுவும் கிடையாது. வீட்டில் ஒருவர் ஒத்துழைக்காவிட்டாலும் இது நடக்காது. மூன்று நாளில் பெரும்பாலும் வழிக்கு வரும். இரண்டு மாதக் குட்டியிடம் இந்தக் கண்டிப்பைக் காட்டவே கூடாது. அதற்குப் பட்டினி தாங்காது என்று மேலே சொன்னேனே.

சிரிஞ்சில் வாயைத் திறந்து ஊட்டலாமா?

டாக்டர் செய்து காட்டியிருந்தால் ஊட்டலாம். நிற்கும் நிலையிலோ குப்புறப் படுத்த நிலையிலோ இருக்க வேண்டும், கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னப் பையில் வைத்து, ஒரு சொட்டு, விழுங்கியதா, அடுத்த சொட்டு. வேகமாக அழுத்தினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். இருமினால், மூக்கு வழியே வந்தால் நிறுத்திவிடுங்கள். வாந்தி எடுக்கும் குட்டிக்கு எதையும் திணிக்க வேண்டாம். திணித்துப் பழக்கினால் சிரிஞ்சைப் பார்த்தாலே சாப்பாட்டின் மேல் வெறுப்பு வந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பூச்சி இருந்தால் சாப்பிடாதா?

ஆமாம். உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை மாதிரி, வாந்தியிலோ மலத்திலோ சேமியா போல ஏதாவது தெரிகிறதா? உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், தாய்ப்பாலிலும் வரும். "சுத்தமான வீட்டில் பிறந்தது" என்பது இதற்குப் பதில் ஆகாது. இரண்டு வாரத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்று பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். எடை பார்த்துத்தான் அளவு. குழந்தைக்கு வாங்கி வைத்த மருந்தை ஊற்றிவிடாதீர்கள்.

தடுப்பூசி போட்டு வந்த பிறகு சாப்பிடவில்லை.

ஒரு நாள் மந்தமாக இருப்பது சகஜம். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். முகம் வீங்கினால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், மூச்சு இரைத்தால் அப்போதே திரும்பிப் போங்கள்.

எந்தெந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்?

குட்டி வாங்கிய முதல் வாரத்தில் சாப்பாட்டை விட்டால் என் மனதில் முதலில் வருவது பார்வோ என்ற வைரஸ் நோய். கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஏழு நாளில் வெளியே தெரியும். அதனால்தான் விற்ற இடத்தில் துள்ளிய குட்டி உங்கள் வீட்டுக்கு வந்து நாலாம் நாள் படுக்கிறது. முதல் நாள் சாப்பாடு வேண்டாம் என்று மூலையில் போய்ப் படுக்கும். பிறகு நுரை வாந்தி. அடுத்து தண்ணீராகப் பேதி, அப்புறம் ரத்தம் கலந்து, ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத நாற்றத்தோடு. ரத்தம் வரும் வரை காத்திருந்தவர்கள் பலர் குட்டியை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு வேண்டாம், சோர்வு, ஒரு வாந்தி — இந்த மூன்றும் சேர்ந்தாலே கிளம்புங்கள். டாக்டர் ஒரு குச்சியில் மலம் எடுத்து அங்கேயே டெஸ்ட் செய்து சொல்லிவிடுவார். சீக்கிரம் ட்ரிப்ஸ் ஏற்றினால் பிழைக்கும் வாய்ப்பு நிறைய.

பார்வோவுக்கு ஒரு ஊசி போதாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அது முடியும் வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள். உங்கள் செருப்பையும் வாசலிலேயே விடுங்கள்.

ஈறைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல நாளில் உதட்டைத் தூக்கிப் பார்த்து வைத்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெள்ளையாக இருந்தால், மஞ்சளாக இருந்தால், ஒட்டிக்கொள்ளும் அளவு காய்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. அப்படி வெளுத்திருக்கும்போது காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். உண்ணிக் காய்ச்சலின் முதல் அடையாளமே சாப்பாட்டை விடுவதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், ஷிட்ஸு இனங்களில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் சுற்றிப்போகும். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் போதை ஏறினது போல் தள்ளாடும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும், கூடப்பிறந்தவற்றை விடக் குட்டையாகவே இருக்கும். அப்படித் தெரிந்தால் ஒரு வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

போகும்போது தடுப்பூசி அட்டை, ஒரு சின்ன டப்பாவில் மலம், சாப்பாட்டுப் பாக்கெட்டின் போட்டோ, நீங்கள் எழுதி வைத்த எடைக் கணக்கு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் பார்க்கிறார்கள். உங்கள் ஊரில் ராத்திரியில் யார் பார்ப்பார்கள் என்று குட்டி நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

காய்ச்சல் மாதிரி சுடுகிறது. பாதி பாராசிட்டமால் கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரு கிலோ உடம்புக்குப் பாதி மாத்திரையே பெரிய விஷம். புரூஃபென் அதைவிட மோசம். நாயின் சாதாரண சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்குச் சுடத்தான் செய்யும். பசியைத் தூண்டும் லிவர் டானிக்கையும் கடைக்காரர் சொல்லி வாங்காதீர்கள். ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு அது பதில் சொல்லாது, இரண்டு நாள்தான் வீணாகும்.

நாலரை மாதம். மெல்லும்போது தலையைச் சாய்க்கிறது, வாயில் கொஞ்சம் ரத்தம்.

பல் விழுகிறது. 28 பால் பல் விழுந்து 42 பல் வரும் காலம், ஏழு மாதம் வரை போகும். ஈறு வலிக்கும் நாளில் சாப்பாட்டை ஊறவைத்துக் கொடுங்கள். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீஸரில் வைத்து, கடிக்கக் கொடுத்தால் இதமாக இருக்கும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள், நூலைப் பிய்த்து விழுங்கிவிடக் கூடாது. சின்ன இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் நிற்க, புதியதும் பக்கத்திலேயே முளைப்பது அடிக்கடி நடக்கும். இரண்டும் ஒரே இடத்தில் தெரிந்தால் டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.

சித்திரை வெயில் வந்ததிலிருந்து பாதிதான் சாப்பிடுகிறது.

நமக்கும் அப்படித்தானே. விடியற்காலையிலும் சூரியன் இறங்கிய பிறகும் பெரிய வேளைகளை வையுங்கள், மதியம் ஃபேனுக்கடியில் கொஞ்சம் கூழாக. எடை குறையாமல் இருந்தால் பயமில்லை. தட்டை முகக் குட்டி படுத்திருக்கும்போதே இரைத்தால் அது பசிப் பிரச்சினை இல்லை, சூடு தாங்கவில்லை.

ட்ரை ஃபுட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. போன மாதம் இதே பிராண்டைத்தான் சாப்பிட்டது.

பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டுப் பாருங்கள். பழைய எண்ணெய் வாடை வருகிறதா? மழைக்காலத்தில் வாய் திறந்து வைத்த பாக்கெட் இரண்டு மூன்று வாரத்தில் சிக்குப் பிடித்துவிடும், பூஞ்சையும் பூக்கும். மூட்டையைத் திறந்து கிலோ கணக்கில் லூஸாக விற்பதை நான் வாங்குவதில்லை, எப்போது திறந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? சின்னக் குட்டிக்குச் சின்னப் பாக்கெட், காற்றுப் புகாத டப்பா.

எறும்பு ஏறிய தட்டையும் குட்டி தொடாது, மூக்கில் ஒருமுறை கடி வாங்கினால் அந்த இடத்துக்கே வராது. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வையுங்கள், பாட்டி காலத்தில் மீன் சட்டியை வைத்த மாதிரி. எறும்புச் சாக்பீஸால் தட்டைச் சுற்றிக் கோடு மட்டும் போடாதீர்கள். அது பூச்சிக்கொல்லி. குட்டி தரையை நக்கும், காலில் ஒட்டியதையும் நக்கும்.

ஆறு மாதம் ஆகப்போகிறது. மதியச் சாப்பாட்டை மட்டும் தினமும் விட்டுவிடுகிறது.

எடை சரியாக இருக்கிறதா, விளையாட்டு குறையவில்லையே? அப்படியானால் வேளையைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. நாலு மாதத்தில் மூன்று வேளை, ஆறேழு மாதத்தில் இரண்டு வேளை. மதிய அளவைக் காலைக்கும் ராத்திரிக்கும் பிரித்துக் கொடுங்கள். ஒன்றரை இரண்டு கிலோவிலேயே நின்றுவிடும் மிகச் சின்ன இனங்களுக்கு மட்டும் படுக்கும் முன் ஒரு வாய் கூடுதலாக வைப்பதை நான் நிறுத்தச் சொல்வதில்லை. பொம்மிக்கு இப்போது ஒன்பது வயது. ராத்திரி விளக்கை அணைக்கப் போனால், ரப்பர் மிதியடித் துண்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆறு உருண்டை ட்ரை ஃபுட், எண்ணித்தான் போடுவேன். அது முடிந்த பிறகுதான் படுக்கைக்கு வருவாள்.